ஆசிய வாசலுக்கு எத்தனை படி?

2025 மார்ச் மாதத்தில் பஹ்ரைன் நாட்டின் தலைநகரான மனாமாவில் மூன்று தேசங்களின் கூடைப்பந்துக் குழுக்கள் கூடின. பஹ்ரைன், ஈராக், இந்தியா. மூன்றில் இரண்டுக்குத்தான் மேலே செல்ல இடம் உண்டு. ஒன்று வீடு திரும்ப வேண்டும். ஈராக்கும் இந்தியாவும் மேலே சென்றன. போட்டியை நடத்திய பஹ்ரைன், தன் ரசிகர்களின் கண் முன்னாலேயே வெளியேறியது. நம் நாட்டுப் பத்திரிகைகளில் பெரும்பாலானவற்றில் இச்செய்தி விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் சில வரிகளாக முடிந்துவிட்டது. கிரிக்கெட் இருக்கும்போது கூடைப்பந்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்? ஆனால் அந்த இரண்டு மூன்று நாட்களில் இந்தியக் கூடைப்பந்தின் அடுத்த சில ஆண்டுகளே தராசில் ஏறியிருந்தன என்பதை அறிந்தால், அந்தச் சில வரிகள் போதா என்பது விளங்கும். எப்படி என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து புறப்படுவோம். பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் ஆட்டங்களை நாம் அறிவோம். நாட்டிலுள்ள அத்தனை பல்கலைக்கழகங்களும் ஒரே ஊரில் கூடி ஆட இயலாது. ஆகவே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்தில் முன்னணியில் நிற்பவர்களை மட்டும் அகில இந்தியப் போட்டிக்கு அழைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு பழைய சச்சரவு உண்டு. விடுதியில் விளையாட்டு வீரர் யாரையேனும் கேட்டுப் பாருங்கள்: "எங்கள் மண்டலத்தில் ஐந்தாவதாக வந்த குழு, அந்த மண்டலத்தில் இரண்டாவதாக வந்த குழுவை அடித்து நொறுக்கிவிடும்" என்று சத்தியம் செய்வார். சிலவேளை அது உண்மையாகவும் இருக்கும். திறமைக்கு இடமா, பிரதேசத்துக்கு இடமா என்ற இந்தக் கேள்விதான் ஆசியக் கண்டம் முழுவதற்கும் பெரிதாக எழுந்து நிற்கிறது.

ஆசியக் கூடைப்பந்துப் போட்டி 1960இல் மணிலாவில் தொடங்கியது. போட்டியை நடத்திய பிலிப்பைன்ஸே வெற்றிக் கோப்பையைத் தட்டிக்கொண்டது. அந்நாட்டில் நம் தெருக்களில் கிரிக்கெட் ஆடுவதைப் போல் சந்துக்குச் சந்து கூடைப்பந்து ஆடுவார்கள். ஆகவே அதில் வியப்பில்லை. இந்தியா அதில் மெல்ல நுழைந்தது. 1975இல் பாங்காக்கில் நான்காவது இடம் பெற்றதுதான் இன்றுவரை நம் உச்சம். 1981இல் கல்கத்தாவில் நாமே அப்போட்டியை நடத்தினோம். அதற்குப் பிறகு ஏறியதைக் காட்டிலும் இறங்கியதே அதிகம்.

இவ்விடத்தில் ஒரு சிறு பெருமையைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அதே ஒய்.எம்.சி.ஏ.யின் வழியாகத்தான் அது நம் நாட்டிலும் வேரூன்றியது. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள் அதைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டு சென்றார்கள். தமிழ்நாட்டில் சிற்றூர்களில்கூடச் செம்மண் தரையில் இரண்டு கம்பங்களும் வளையங்களும் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? இந்தியக் குழுவில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் தொடர்ந்து இடம் பெறுவதற்கு அந்தச் செம்மண் தரைகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி வழிக்கு வருவோம்.

2017 வரை ஆசியா ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கிழக்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா, தெற்கு ஆசியா, மத்திய ஆசியா, மேற்கு ஆசியா, வளைகுடா என்பன அவை. ஒவ்வொரு பகுதியும் தனக்குள் ஒரு போட்டி நடத்தி, தனக்கு ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு ஆட்களை அனுப்ப வேண்டும். முந்தைய போட்டிகளில் நன்றாக ஆடிய பகுதிகளுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். தெற்கு ஆசியா என்றால் யார் யார்? இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், நேபாளம், பூட்டான், இலங்கை, மாலைத்தீவு. இவர்களில் கூடைப்பந்துக்கு நம்மளவு ஆள்பலமும் பழக்கமும் உள்ளவர் இல்லை. எனவே இந்தியாவுக்கு இது திறந்த கதவு. 2015இல் பெங்களூரில் நடந்த தெற்கு ஆசியப் போட்டியில் வென்று அவ்வாண்டின் ஆசியப் போட்டிக்குச் சென்றோம். 2017இல் மாலைத்தீவின் தலைநகர் மாலேயில் வென்று லெபனானுக்குச் சென்றோம்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எளிய வழியால் நமக்கு நன்மை விளைந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன். மூன்று நான்கு நாள் நடக்கும் ஒரு போட்டி. பெரும்பாலும் ஒருதலையான ஆட்டங்கள். பிறகு திடீரென்று ஈரானையோ சீனாவையோ எதிர்த்து நிற்க வேண்டும். குளத்தில் நீந்தக் கற்றவனைக் கடலில் தள்ளியதைப் போன்ற நிலை. 2014இல் வூஹானில் வேறொரு ஆசியக் கோப்பைப் போட்டியில் சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று தோற்கடித்தோம். சீனாவை நாம் வென்றது அதுவே முதல் தடவை. அத்தகைய ஆற்றல் நம்மவரிடம் இருந்தது. ஆனால் அந்த ஆற்றலைத் தீட்டிக்கொள்ள ஆண்டு முழுவதும் தக்க எதிரிகள் இல்லை. ஒரு வெற்றி வந்தது. அது பழக்கமாக ஆகவில்லை.

2017இல் இரண்டு மாறுதல்கள் வந்தன. ஒன்று, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆசியப் போட்டியில் சேர்க்கப்பட்டன. வந்த முதல் தடவையே ஆஸ்திரேலியா கோப்பையை வென்றது. 2022இலும் 2025இலும் அதுவே வென்றது. விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரின் இலையையும் சேர்த்து உண்டுவிட்ட கதைதான். மற்றது, தகுதி பெறும் முறையையே சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் மாற்றியது. இனி ஓர் ஊரில் கூடி மூன்று நாளில் முடிக்கும் வேலை இல்லை. கால்பந்தில் செய்வதைப் போல், ஒவ்வொரு நாடும் மற்ற நாட்டைத் தன் ஊரில் ஒரு தடவையும் அவர்கள் ஊரில் ஒரு தடவையும் சந்திக்க வேண்டும்.

அதன் கணக்கு இது. 24 நாடுகள், நான்கு நான்காக ஆறு பிரிவுகள். ஒரு நாட்டுக்கு ஆறு ஆட்டங்கள். அவற்றை ஒரே மூச்சில் ஆடுவதில்லை. ஓராண்டுக் காலத்தில் மூன்று தடவையாக, தடவைக்கு இரண்டு ஆட்டமாக ஆடுகிறார்கள். இந்தக் காலப் பகுதிகளுக்கு ஆங்கிலத்தில் 'விண்டோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் என்று தமிழாக்கினால் சிரிப்புத்தான் வரும். கடனைக் கட்டுவதைப் போல் சிறிது சிறிதாகத் தீர்ப்பதால் 'தவணை' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மூன்று தவணையும் முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு நாடுகள் நேரே ஆசியக் கோப்பைக்குச் செல்லும், ஆக 12. கடைசியில் நிற்பவை வெளியே. நடுவில் மூன்றாவதாக நிற்கும் ஆறு நாடுகள் என்ன ஆவது? அவற்றை மூன்று மூன்றாக இரண்டு கூட்டமாக்கி இன்னொரு போட்டி வைக்கிறார்கள். கூட்டத்துக்கு இரண்டாக நான்கு நாடுகள் தேறும். 12உம் 4உம் சேர்ந்து 16. நாம் முதலில் பார்த்த மனாமாப் போட்டி இந்தக் கடைசிச் சல்லடைதான்.

பிரிவு பிரிப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கண்டத்தைக் கிழக்கு, மேற்கு என இரண்டாக வகுக்கிறார்கள். இந்தியா மேற்கில் சேர்ந்தது. பழைய தெற்கு ஆசியா என்ற தனி வீடு போய்விட்டதால் ஈரான், லெபனான், கத்தார், கஜகஸ்தான் ஆகியோரே இப்போது நமக்கு அண்டை வீட்டார். சென்னையிலிருந்து பாங்காக் கூப்பிடு தூரம். பேரூட்டோ எங்கோ மத்தியதரைக் கடற்கரையில். ஆனாலும் விளையாட்டுப் படத்தில் நமக்குப் பேரூட்தான் பக்கம்.

புள்ளிக் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதன் சுவையே அதில்தான் இருக்கிறது. வென்றால் 2 புள்ளி. தோற்றால் 1 புள்ளி. 'தோற்றவனுக்கும் புள்ளியா?' என்று கேட்பீர்கள். ஆட வந்ததற்காக அந்த ஒன்று. ஆட வராமலோ, ஆட மறுத்தோ ஆட்டத்தைக் கைவிட்டவனுக்குச் சுழி. சமநிலை என்பதே கூடைப்பந்தில் இல்லை. 40 நிமிடம் முடிந்து இருவரும் சமமாக நின்றால் ஐந்து நிமிடம் கூடுதலாக ஆட வேண்டும். அதிலும் தீரவில்லையானால் மறுபடி ஐந்து.

இரண்டு நாடுகள் கடைசியில் ஒரே புள்ளியில் நின்றால் என்ன செய்வது? அவ்விரண்டும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்றிருந்தால், எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள் என்பது முடிவு செய்யும். உதாரணத்துக்கு, வெளியூரில் 12 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஒரு குழு, தன் ஊரில் 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றாக வேண்டும். 11இல் வென்றால் வெற்றி பெற்றும் பின்னால் நிற்கும். ஆகவேதான், ஆட்டம் முடிய அரை நிமிடமே இருக்கும்போது, 20 புள்ளி பின்தங்கிய குழுவின் பயிற்சியாளர் ஓய்வு நேரம் கேட்டுத் தம் ஆட்களைக் கூட்டி வைத்து ஏதோ வரைந்து காட்டுகிறார். பார்க்கிறவர், 'தோற்ற ஆட்டத்துக்கு இத்தனை படமா!' என்று நகைப்பார். அவர் இன்றைய ஆட்டத்தை ஆடவில்லை. அடுத்த தவணை ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கணக்கு முற்றினால் விபரீதங்களும் நேரும். எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டிய ஒரு குழு, கடைசி நொடிகளில் இரண்டே புள்ளி முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வென்றாலும் பயனில்லை. சமநிலை ஆகிவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் கிடைக்கும்! ஆகவே தன் கூடையிலேயே தான் பந்தைப் போட்டுவிடத் தோன்றும். அப்படித் தோன்றியவர்கள் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விதி ஏன்? வேண்டுமென்றே தன் கூடையில் பந்து போட்டால் அது குற்றம், புள்ளியும் செல்லாது என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த முறையில் சொந்த ஊருக்குப் பெரிய மதிப்பு வந்துவிட்டது. 2024 நவம்பரில் மணிலாவில் பிலிப்பைன்ஸ் நியூசிலாந்தை 93-89 என்று வென்றதை எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்தை எதிர்த்து அதுவரை வென்றறியாத பிலிப்பைன்ஸ், அரங்கம் அதிரும் ஆரவாரத்தின் நடுவே அதைச் சாதித்தது. அதே மாதத்தில் நம் சென்னைக்கும் அந்த வாய்ப்பு வந்தது. நேரு உள்விளையாட்டரங்கில் இந்தியா இரண்டு ஆட்டங்கள் ஆடியது. கத்தாரிடம் தோற்றது. மூன்று நாள் கழித்துக் கஜகஸ்தானை 88-69 என்று வென்றது. 19 புள்ளி வித்தியாசம்! மேலே சொன்ன கணக்கை மனத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கடைசி நிமிடங்களில் விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் தனி மதிப்பு உண்டு என்பது புலப்படும். மூன்று தவணையும் முடிந்தபோது ஈரானும் கத்தாரும் நேரே சென்றன, இந்தியா மூன்றாவது, கஜகஸ்தான் கடைசி. சென்னையில் பெற்ற அந்த வெற்றி இல்லையேல் மனாமாவே இல்லை.

தவணை முறைக்கு ஒரு குறையும் உண்டு. நவம்பரிலும் பிப்ரவரியிலும் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகள் மும்முரமாக நடக்கும். அங்கே ஆடுகிறவர்கள் தத்தம் நாட்டுக்காக வர முடியாது. பெரிய நாடுகள் தம் இரண்டாம் வரிசை ஆட்களை அனுப்புகின்றன. இது சிறிய நாடுகளுக்குக் கிட்டும் அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆஸ்திரேலியாவின் இரண்டாம் வரிசையும் நம் முதல் வரிசையைவிடப் பலமாக இருக்கும்போது அதிர்ஷ்டம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று, குடியுரிமை. சம்மேளனத்தின் விதிப்படி, பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு நாட்டின் குடியுரிமை பெற்ற ஆட்டக்காரர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம், ஒருவரை மட்டுமே. அந்த ஒருவர் அமெரிக்காவில் வளர்ந்த ஆறேமுக்கால் அடி உயரத்தவராக இருந்தால் குழுவின் தலையெழுத்தே மாறிவிடும். பிலிப்பைன்ஸ் 2014இல் ஆண்ட்ரே பிளாட்சுக்கும் 2023இல் ஜஸ்டின் பிரௌன்லீக்கும் தனிச் சட்டமே இயற்றிக் குடியுரிமை அளித்தது. மேற்கு ஆசிய நாடுகளும் இவ்வழியில் கைதேர்ந்தவை. இந்தியா இதில் ஒதுங்கியே நின்றது. இரட்டைக் குடியுரிமைக்கு நம் அரசியலமைப்பில் இடமில்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவரே நாட்டுக்காக ஆடலாம் என்று 2008இன் இறுதியில் மத்திய அரசு வகுத்த விதியும் சேர்ந்துகொண்டது. ஆகவே அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளி இளைஞர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. அவ்விதி சரியா தவறா என்பது தனி வழக்கு. ஆனால் மனாமாவில் வென்றவர்கள் நம் ஊர்த் தரைகளில் கற்றவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு சற்று நிமிரத்தான் செய்கிறது.

இந்தக் கடைசிச் சல்லடை நமக்குப் புதிதன்று. 2021ஆம் ஆண்டுக்கென்று திட்டமிட்டு 2022இல் ஜகார்த்தாவில் நடந்த கோப்பைக்கும் இதே வழியாகத்தான் போனோம். அப்போது நம் பிரிவில் லெபனான், பஹ்ரைன், ஈராக். இடையில் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராக ஆடும் திட்டத்தைக் குலைத்தது. எல்லோரையும் மனாமாவில் அடைத்து வைத்து ஆட வைத்தார்கள். நாம் மூன்றாவதாக வந்து, 2021 ஆகஸ்டில் ஜெட்டாவில் சவூதி அரேபியாவோடும் பாலஸ்தீனத்தோடும் மோதினோம். பாலஸ்தீனத்தை வென்று தேறினோம். ஜகார்த்தாவில் மூன்று ஆட்டங்களிலும் படுதோல்வி. நியூசிலாந்து 100, நாம் 47.

2025 ஆகஸ்டில் மறுபடி ஜெட்டா. இம்முறை ஆசியக் கோப்பையே அங்கு நடந்தது. குழுத் தலைவர் தமிழ்நாட்டின் முயின் பெக் ஹஃபீஸ். முதல் ஆட்டம் ஜோர்டானுடன். 40 நிமிடத்தில் முடிவு தெரியவில்லை. கூடுதல் நேரத்தில் 84-91 என்று தோற்றோம். சீனாவிடம் 69-100. சவூதியிடம் 59-84. மூன்றும் தோல்விதான். ஆனாலும் ஜோர்டான் ஆட்டத்தை 2022இல் கண்ட தோல்விகளோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஓராண்டுக் காலம் ஈரானோடும் கத்தாரோடும் கஜகஸ்தானோடும் மாறி மாறி ஆடியவர்களின் கால்களில் ஒரு நிதானம் வந்திருந்தது. மாலேயில் மூன்று நாள் ஆடிவிட்டுச் சென்றிருந்தால் அது வந்திராது.

மனாமாவில் தராசில் இருந்தது இந்த மூன்று ஆட்டங்கள் மட்டுமல்ல. ஆசியக் கோப்பைக்குத் தேறிய அதே 16 நாடுகள்தாம் 2027 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிப் போட்டிகளிலும் ஆடலாம் என்று சம்மேளனம் ஏற்பாடு செய்திருந்தது. அவை 2025 நவம்பரில் தொடங்கின. பெரிய குழுக்கள் நம் ஊருக்கு வந்து ஆடுவதும், நம் பிள்ளைகள் அவர்களை நேரில் பார்ப்பதும் அந்த 16க்குள் இருந்தால்தான். பதினேழாவது நாட்டுக்கு என்ன? ஆட ஆட்டமே இல்லை. நல்ல எதிரி இல்லாமல் இருப்பது தோல்வியைவிடக் கொடியது. மனாமாவில் தவறிய பஹ்ரைனுக்கு அதுதான் நேர்ந்தது.

பஹ்ரைனுக்கே அப்படியானால் நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் எப்படி? பழைய முறையில் தெற்கு ஆசியாவுக்கென்று ஒரு வாசல் இருந்தது. என்றாவது ஒரு நாள் இந்தியா தடுமாறினால் இலங்கையோ வங்காள தேசமோ நுழையலாம். புதிய முறையில் அந்த 24க்குள் வருவதற்கே முன்தகுதிப் போட்டிகளில் படிப்படியாக ஏறி வர வேண்டும். நமக்கு நன்மை செய்த அதே முறை அவர்களுக்குப் படியை உயர்த்திவிட்டது. திறமைக்கு இடம் என்று முழங்குவது நமக்கு இன்று சௌகரியமாக இருக்கிறது. மனாமாவில் ஓர் ஆட்டம் வேறு விதமாகப் போயிருந்தால் பிரதேசத்துக்கு இடம் வேண்டும் என்று நாமும் மனுப் போட்டிருப்போம். அடுத்த ஆசியக் கோப்பை 2029இல். அதற்கான படிகளில் தெற்கு ஆசியாவிலிருந்து இந்தியாவோடு இன்னொரு நாடும் ஏறி வருமா என்பதை நான் ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன்.